டொல்பின் பார்க்க வாறதுக்கு முந்தி ராத்தா சொல்றதக் கேளு

தங்கச்சி, நீ வாட்ஸ்அப்பில அனுப்பின பட்டியலைப் பார்த்தேன். காலையில டொல்பின், பத்து மணிக்குப் பவளப்பாறை, பின்னேரம் வில்பத்து, இரவே அக்குறணைக்குத் திரும்புறது. பிள்ளைகள் ஐஸ்லாந்து வீடியோ பார்த்துட்டு, "அங்க ஒரே நாளில மூணு அதிசயம் காட்டுறாங்களே, பெரியம்மாட ஊர்ல ஏலாதா?" என்று கேட்டதாம். நல்ல கேள்விதான். ஆனா அந்தப் பட்டியல்ல ரெண்டை இப்பவே வெட்டிவிடு. மிச்சமிருக்கிற ஒன்றை மனம் நிறையப் பார்த்துட்டுப் போகலாம்.

ஐஸ்லாந்து எரிமலை நாடு. ரெய்க்யவிக் நகரத்தில வேன் ஏறினா, நிலம் ரெண்டாப் பிளந்து விலகிக்கொண்டிருக்கிற திங்வெல்லிர், வெந்நீர் பீறிடுற கெய்சிர், குல்ஃபோஸ் அருவி, மூன்றும் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில வந்துவிடும். அங்க இருக்கிற ஸ்ட்ரொக்கூர் ஊற்று சில நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகப் பொங்கும். பிந்திப் போனாலும் அடுத்ததைப் பார்க்கலாம். அருவியும் பள்ளத்தாக்கும் எங்கேயும் ஓடிப்போகாது. அதனால நேரம் போட்டு, மணி அடித்து ஆக்களை இறக்கி ஏற்ற முடியுது.

எங்கட அதிசயத்துக்கு உயிர் இருக்கு. அது நீந்திக்கொண்டே இருக்கும். உன்ட மணிக்கூட்டுக்கு அது வராது, அதுட நேரத்துக்கு நீதான் போக வேணும். இதை வீட்டாருக்கு முதலே சொல்லிக் கூட்டிவா. முக்கியமா மச்சானுக்கு.

பிள்ளைகள் "இங்க எரிமலை இல்லையா?" என்று கேட்டா, இல்லை என்று தெளிவாச் சொல்லு. திருகோணமலை கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறு இருக்குத்தான். அது எரிமலைச் சூடு இல்லை. மழைத்தண்ணி பாறை வெடிப்பு வழியா ஆழத்துக்கு இறங்கி, அங்க சூடேறி, திரும்ப மேலே வாறது. நாங்க இருக்கிற இந்தக் கற்பிட்டிக் குடாநாடோ மணல் மேடு. ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மற்றப் பக்கம் பெருங்கடல். பள்ளிவாசல்துறையில நின்றா ரெண்டு தண்ணியும் எட்டும் தூரம். நெருப்பு செய்யாத வேலையை இங்க கடல் செய்யுது.

எப்படி என்று கேள். எங்கட கரைக்கு வெளியே கடலடி கொஞ்சத் தூரம்தான் ஆழம் குறைவா இருக்கும், அதுக்குப் பிறகு சட்டென்று இறங்கிவிடும். அந்த ஆழத்தில இருக்கிற சின்ன மீன், கணவாய், இறால் இனமெல்லாம் பொழுது பட்டதும் மேலே ஏறி வரும். விடியிறதுக்குள்ள திரும்ப இறங்கும். எங்கட கடல்ல கூட்டம் கூட்டமா வாறது சுழல் டொல்பின். அது இரவெல்லாம் இரை தின்னும். காலையில நீ பார்க்கிறது ராவேலை முடித்துட்டு வாற குடும்பத்தை. துள்ளும், சுழலும், பிறகு மெதுவா ஓய்வுக்குப் போகும். அதனாலதான் விடிய வெள்ளெனப் போ என்று சொல்றேன். வெயில் ஏறினா காற்றும் எழும்பும், அலையும் எழும்பும், டொல்பினும் அடங்கிவிடும்.

எப்ப வாறது

நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் இந்தப் பக்கக் கடல் போட்டுக்கு இடம் கொடுக்கும். மே மாதம் தென்மேல் காற்று இறங்கினா கடல் கொந்தளிக்கும். செப்டம்பர் வரைக்கும் டொல்பின் பேச்சே வேண்டாம். அந்த நாட்கள்ல காற்றாடிப் பலகை ஓட்டுற வெள்ளைக்காரர்தான் இங்க நிறைஞ்சு இருப்பாங்க. நீ டிசம்பர் லீவைச் சொல்றாய். டிசம்பரில வடகீழ் மழை மிச்சம் இருக்கும். வந்தே தீர வேணும் என்றா ரெண்டு காலையைக் கையில வைத்துக்கொண்டு வா. ஒன்று மழையில போனாலும் மற்றது மிஞ்சும். ஜனவரி கடைசி, பெப்ரவரி என்றா எனக்கு இன்னும் நிம்மதி.

ஒரு விஷயம் யோசி. இந்தச் சில வருஷமா நோன்பு மாசம் இந்த சீசனுக்குள்ள விழுது. நோன்பு பிடிச்சுக்கொண்டு போட்ல ஏறாதே. வெயில், ஆட்டம், வாந்தி, தண்ணி குடிக்க ஏலாது. உடம்பு தாங்காது. பெருநாள் கழிச்சு வா.

வெள்ளிக்கிழமையும் பார்த்துக்கோ. எங்கட ஊர் ஆக்கள் பெரும்பாலும் அன்று தொழிலுக்குப் போறதில்லை. ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க ஆக்கள் கோயிலுக்குப் போவாங்க. தலவில சாந்த அன்னம்மாள் கோயில் பெருநாள் மார்ச்சிலயும் ஆகஸ்ட்லயும் வரும். அந்த நாட்கள்ல பாலாவியில இருந்து கற்பிட்டி வரைக்கும் ரோட்டு முழுக்க வாகனம்தான். திகதியைக் கேட்டுட்டுப் புறப்படு.

முந்தின நாளே வந்து சேர்

கட்டுகஸ்தோட்டையில இருந்து குருநாகல், நிக்கவெரட்டிய தாண்டி புத்தளம் வாற ரோட்டு உனக்குத் தெரியும். புத்தளத்தில இருந்து கொழும்பு ரோட்டில கொஞ்சம் வந்தா பாலாவிச் சந்தி. அதில கற்பிட்டிக்குத் திரும்ப வேணும். இரவு ரெண்டு மணிக்கு எழும்பி வேன்ல வந்து நேரா போட்ல ஏறலாம் என்று மச்சான் சொல்லுவார். வேண்டாம். நித்திரை இல்லாத உடம்புதான் கடல்ல முதல்ல படுக்கும். முந்தின நாள் பின்னேரமே எங்கட வீட்டுக்கு வா. பாய் போட்டுப் படுக்கலாம். சுபஹு தொழுதுட்டுப் புறப்பட்டா வெளிச்சம் வாறதும் கரையில நிற்கிறதும் சரியா இருக்கும்.

போட்காரரைத் தெரிவு செய்றதுதான் முழு வேலையும்

மற்ற எல்லாம் இதுக்குப் பிறகுதான். 1344இல் இப்னு பதூதா மாலைதீவில இருந்து கப்பல் ஏறி எங்கட புத்தளத்தில வந்து இறங்கினார். அப்ப ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தி முத்தைக் காட்டினார், உபசரிச்சார். பதூதா கேட்டது பாவா ஆதம் மலைக்குப் போற வழியை. அரசன் ஒரு பல்லக்கும் அதைத் தூக்க ஆக்களும் கொடுத்ததோட விடல்ல. வருஷா வருஷம் அந்த மலைக்குப் போய் வாற நாலு யோகிகளையும், மூணு பிராமணரையும், தன்ட ஆக்கள் பத்துப் பேரையும், சாமான் சுமக்கப் பதினைஞ்சு பேரையும் கூட அனுப்பினார். உலகம் சுற்றின மனுஷனுக்கே வழி தெரிஞ்ச ஆள் வேண்டியிருந்தது. காட்டு அட்டை கடிச்சா தேசிக்காய் பிழிஞ்சு விடுற வைத்தியத்தையும் அந்தப் பயணத்தில கண்டு எழுதி வைத்திருக்கிறார். வழிகாட்டி என்றா அப்படி. வருஷா வருஷம் போய் வந்தவனுக்குத்தான் சின்னச் சின்ன விஷயம் தெரியும்.

அதனால கடலையே தொழிலாக் கொண்ட ஒருவரைப் பிடி. கண்டக்குழி, ஆலங்குடா, கற்பிட்டி மூன்று பக்கத்திலயும் ஆள் இருக்கு. போன்ல கதைக்கும்போது இவ்வளவும் கேள்: எத்தனை பேரை ஏற்றுவார், பிள்ளைகளுக்குச் சின்ன சைஸ் லைஃப் ஜாக்கெட் இருக்கா, ரெண்டாவது எஞ்சினோ துடுப்போ கையில இருக்கா, போட்டுக்குப் பதிவு இருக்கா, கூலி போட்டுக்கா ஆளுக்கா, தூரம் கூடினா எண்ணெய்க்குத் தனிக் காசா. எண்ணெய் விலை மாறிக்கொண்டே இருக்கிறதால கூலியை முந்தின நாள் திரும்ப ஒருக்கா உறுதிப்படுத்து. காசைத் தாளாகக் கொண்டு வா.

கடைசியா ஒரு கேள்வி கேள்: "நாளைக்கு டொல்பின் கட்டாயம் காட்டுவீங்களா?" என்று. "அல்லாஹ் நாடினா பார்க்கலாம், கடல் சரியில்லாட்டி நான் எடுக்கமாட்டேன்" என்று சொல்றவர்தான் உனக்கு வேணும். "நூறு வீதம் கட்டாயம்" என்று அடிச்சுச் சொல்றவரை விடு. அவர் அந்த வாக்கைக் காப்பாற்ற மிருகங்களைத் துரத்துவார்.

நல்ல போட்காரர் எப்படி வேலை செய்வார் என்று சொல்றேன், கவனிச்சுப் பார். அவர்ட கை எஞ்சின் பிடியில இருக்கும், கண் உன்னில இருக்காது. தண்ணியில, பறவையில, மற்றப் போட்டுகள்ல இருக்கும். தூரத்தில முதுகுகள் கறுப்பாத் தெரிஞ்சதும் வேகத்தைக் குறைப்பார். கூட்டத்துக்கு நேரே போகமாட்டார், முன்னால போய் மறிக்கவும் மாட்டார். ஒரு பக்கமா, அது போற திசையிலயே, அதுட வேகத்திலயே கொண்டுபோவார். பிறகு ஒரு நேரம் எஞ்சினைச் சும்மா ஓட விட்டுட்டு இருப்பார். அப்பதான் டொல்பின் தானாகவே போட்டுட மூக்குக்கு வரும். தண்ணியை விட்டு எழும்பி, உடம்பை முறுக்கி, ஒரே பாய்ச்சல்ல நாலு, அஞ்சு, சில நேரம் ஏழு சுற்று வரைக்கும் சுழன்று விழும். மூச்சு விடுற சத்தம் கையெட்டுற தூரத்தில கேட்கும். குட்டிகள் தாயோட பக்கம் ஒட்டிக்கொண்டு, தாய் எழும்புறபோது எழும்பி, தாய் அமிழ்றபோது அமிழும்.

நெருக்கம் கூடிப்போச்சு என்றதையும் டொல்பினே காட்டும். சும்மா உலாவினது திடீரென்று நெருங்கி ஒரு பந்தாச் சேரும், திசை மாற்றும், வழக்கத்தை விட நீண்ட நேரம் அமிழும். மூன்று நாலு போட் சுற்றி வளைச்சா இதுதான் நடக்கும். சீசன்ல இதை எங்கட கண்ணால காண்றோம், வயிறு எரியுது. அப்ப நீ வாய் திறந்து சொல்லு: "நானா, போதும், விலகுவோம்." வாடிக்கையாளர் சொன்னா அவர் கேட்பார். துரத்தினாத்தான் ஆக்கள் சந்தோஷப்படுவாங்க என்று நினைச்சுத்தான் பலர் துரத்துறாங்க. இந்த நாட்டில டொல்பினும் திமிங்கிலமும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால காக்கப்பட்டவை. அதுகளோட சேர்ந்து நீந்துறது, பாண் துண்டு போடுறது, விசில் அடிக்கிறது எதுவும் வேண்டாம். மச்சான்ட தம்பி குதிக்கப் பார்ப்பான், அவனைப் பின்னால இருத்து.

உடுப்பு, சாப்பாடு, வயிறு

அபாயாவோட ஏறாதே. கரையில முழங்கால் தண்ணியில நடந்துதான் போட்ல ஏற வேணும். நனைஞ்ச அபாயா காலைச் சுற்றும், விழுந்தா நீந்தவும் விடாது. நீண்ட மேல்சட்டையும் தளர்ந்த காற்சட்டையும் போடு. ஹிஜாபை ஊசி குத்தாமல் உள்ளே மடிச்சுக் கட்டு; காற்றில ஊசி கழன்று பிள்ளையின்ட கண்ணில பட்டா என்ன செய்வாய்? அதுக்கு மேல லைஃப் ஜாக்கெட். அதை இடுப்பில கட்டாமல் வைச்சுக்கொண்டு படம் எடுக்கிற ஆக்கள் இருக்காங்க. எல்லாக் கொக்கியும் பூட்டி இருக்கா என்று நீயே ஒவ்வொருத்தரையும் இழுத்துப் பார். செருப்பைக் கரையில விடு. ஃபோனை சிப் உள்ள பிளாஸ்டிக் பையில போடு. மாற்று உடுப்பு வேன்ல இருக்கட்டும்.

போட்ல கழிப்பறை இல்லை. ரெண்டு மூணு மணித்தியாலம் ஆகும். பெண்களுக்கு இதை ஒருத்தரும் சொல்றதில்லை, அதனால நான் சொல்றேன். வீட்டிலயே போயிட்டு வா, காலையில தேத்தண்ணியைக் குறை, ஆனா தண்ணி குடிக்காமலே இருந்துவிடாதே.

வெறும் வயிறும் கூடாது, இடியப்பமும் சொதியும் ஒரு பிடி பிடிச்சுட்டு ஏறுறதும் கூடாது. ரெண்டு பாண் துண்டு இல்லாட்டி கிறேக்கர் பிஸ்கட், கொஞ்சம் இஞ்சி. வாந்தி வாற ஆள் என்றா மருந்துக்கடையில கேட்டு குளிசையைப் புறப்படுறதுக்கு அரை மணி, ஒரு மணித்தியாலத்துக்கு முந்தியே போட வேணும். தலை சுற்றத் தொடங்கின பிறகு போட்டுப் பலனில்லை. அப்படியான ஆளைப் பின்பக்கம் இருத்து. முன்பக்கம் அலையில அடிச்சு அடிச்சு விழும். ஃபோனைப் பார்க்கவிடாதே, வானமும் கடலும் சேர்ற கோட்டைப் பார்க்கச் சொல்லு.

உன்ட மாமிக்கு முதுகு வலி என்றாய். அவங்களை ஏற்றாதே. வயிற்றில பிள்ளை இருக்கிற ஆளையும், கைக்குழந்தையையும் ஏற்றாதே. ஃபைபர் போட் அலை மேல விழுற அடி சாதாரணமில்லை. அவங்களுக்கு நான் வேற இடம் வைத்திருக்கிறேன், கீழே சொல்றேன்.

திமிங்கிலம் தெரிஞ்சா

பெரும்பாலும் டொல்பினோட நாள் முடியும். சில காலையில அதையும் தாண்டி ஆழப் பக்கம் ஸ்பர்ம் திமிங்கிலம் வரும். அதுட மூச்சுத் தண்ணி நேரா மேலே போகாது. முன்பக்கமா இடது பக்கம் சரிஞ்சு பீறிடும். அதை வைச்சே போட்காரர் தூரத்தில இருந்து இனத்தைச் சொல்லுவார். கணவாய் தேடி ஆயிரம் மீற்றருக்கும் கீழே இறங்கக் கூடிய மிருகம் அது. வால் மேலே தூக்கி உள்ளே போனா, முக்கால் மணித்தியாலம் ஆகலாம் திரும்ப வர. அந்த இடத்தைச் சுற்றி எண்ணெயை எரிக்காமல் திரும்பு. பார்த்தது போதும்.

பவளப்பாறையை ஏன் வெட்டினேன்

எங்கட பவளப்பாறை சரணாலயம் 1992இல் பிரகடனமானது, 306 சதுர கிலோமீட்டருக்கு மேல. பார்க்க வேண்டியதுதான், ஆனா அதே காலையில வேண்டாம். டொல்பின் பார்த்து வெயில்ல காய்ஞ்ச பிள்ளைகளை அப்படியே தண்ணிக்குள்ள இறக்கினா களைச்சுப்போவாங்க. இன்னொரு காரணமும் இருக்கு. 1998இல் கடல் சூடாகி அந்தப் பவளம் வெளிறிச் செத்தது. மெல்ல மெல்லத் துளிர்த்து வரும்போது 2016இல் திரும்பவும் அடி விழுந்தது. இப்ப மிஞ்சியிருக்கிறதை நீந்தத் தெரியாத பத்துப் பேர் காலால மிதிக்கக் கூடாது. மிதக்கப் பழகின ரெண்டு பேர் தனியா ஒரு நாள் போகலாம். நங்கூரத்தைப் பவளத்தில போடாத போட்காரரோட, வெயில் கிறீம் பூசிக்கொள்றதுக்குப் பதிலா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.

வில்பத்துக்கு வேற நாள். புத்தளத்தில இருந்து வடக்கே எலுவன்குளம் வாசலுக்குப் போய், ஜீப் எடுத்து, வில்லுக் குளங்களைச் சுற்றிப் பார்க்க விடியலும் வேணும், அந்தியும் வேணும். சிறுத்தை உச்சி வெயில்ல உனக்காக ரோட்டில நிற்காது. கடல்ல இருந்து அவசரமாப் போனா நீ பார்க்கிறது தூசியைத்தான்.

பின்னேரம் எல்லாரும் சேர்ந்து

பத்து மணிக்குக் கரைக்கு வந்துவிடுவீங்க. வீட்டில கிணற்றுத் தண்ணியில உப்பைக் கழுவி, பகல் சாப்பாடு, லுஹர், ஒரு சின்ன நித்திரை. அசருக்குப் பிறகு மாமியையும் கூட்டிக்கொண்டு களப்புப் பக்கம் போவோம். புத்தளம் களப்பு 300 சதுர கிலோமீட்டருக்கு மேல இருந்தாலும் ஆழம் குறைவு. பெருங்கடல் அலை அங்க வராது, வயசானவங்களும் பயமில்லாமல் தோணியில இருக்கலாம். கண்டல் மரங்களுக்குக் கிட்ட தோணியை நிறுத்தச் சொல்லு. காலை அகட்டி நிற்கிற வேருக்கு நடுவில விரல் நீளம் கூட இல்லாத இறாலும் மீன்குஞ்சும் ஓடித் திரியும். பிள்ளைகளுக்கு டொல்பினை விட இது பிடிச்சுப்போனாலும் ஆச்சரியமில்லை. இதைக் குனிஞ்சு கிட்டத்தில பார்க்கலாம்.

நேரம் இருந்தா கற்பிட்டிக் கோட்டை. 1667இல் ஒல்லாந்தர் தொடங்கி 1676இல் முடிச்சது, கடல் கல்லும் சுண்ணாம்புக் கல்லும் வைத்துக் கட்டினது. இப்ப கடற்படை முகாம் உள்ளே இருக்கிறதால வாசல்ல அனுமதி கேட்டுத்தான் போக வேணும். பெரியவங்க எல்லாரும் அடையாள அட்டை கொண்டு வாங்க. படம் எடுக்கலாமா என்று அங்க நிற்கிற கடற்படைத் தம்பியிடம் கேட்டுட்டு எடு.

திரும்பிப் போகும்போது ரோட்டோரத்தில வெங்காயமும் கருவாடும் வாங்கு. எங்கட மணல்ல விளைஞ்ச சின்ன வெங்காயம் உங்கட பக்கத்துக் கடையில இந்தப் புதுசில கிடைக்காது. கருவாட்டை ரெண்டு பொலித்தீன் பையில சுற்றி வேன் பின்பக்கம் போடு, இல்லாட்டி நிக்கவெரட்டிய தாண்டுறதுக்குள்ள மாமி மூக்கைப் பொத்துவாங்க. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் நம்பரை எல்லார்ட ஃபோன்லயும் போட்டு வை. எத்தனை பேர், எத்தனை பிள்ளை, அதுகள்ட வயசு என்ன என்று இந்தக் கிழமைக்குள்ள எனக்கு அனுப்பு. சின்ன சைஸ் ஜாக்கெட்டை எண்ணிப் பார்த்துத்தான் நான் போட் பேசுவேன்.